வயலும் வாலையும்

மூலிகைப் பயிர் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம்மில் பலருக்கு ஓர் ஆசை எழுகிறது. டில்லி, கான்பூர், மும்பை, நாகபுரி முதலிய நகரங்களில் உத்தியோகத்தை முன்னிட்டு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நிலம் இருப்பதுண்டு. ஓய்வு பெற்றபின் அங்கே சென்று, துளசியும் கற்றாழையும் நட்டு, தைலமும் சூரணமும் செய்து விற்று, அமைதியாக வாழலாம் என்று எண்ணுவோர் பலர். எண்ணம் நல்லதே. ஆயினும், அந்த நிலத்தில் முதல் நாற்றை ஊன்றுவதற்கு முன்னர் நாம் தெளிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு.

நெல்லை அறுத்துத் தூற்றி மூட்டை கட்டிவிட்டால் உழவனுடைய வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மூலிகை அவ்வாறன்று. அறுவடையோடு பாதி வேலையே முடிகிறது. மற்றப் பாதி, நிழலிலும் நெருப்பிலும் நடைபெறுகிறது. இலையின் மருந்துச் சத்தும் மணமும் அறுத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாழிகையும் குறையக்கூடியவை. அவற்றைக் காத்து, உலர்த்தி, வடித்து, கெடாத பொருளாக மாற்றும் குடும்பமே பயன் அடைகிறது. வயலில் சிறந்த விளைச்சலைக் கண்டும், அறுத்தபின் கவனம் தவறியதால் நஷ்டம் அடைந்தோர் எல்லா மாநிலங்களிலும் உண்டு. இதனை இரண்டு பயிர்களைக் கொண்டு ஈண்டு விளக்குவோம். ஒன்று நெருப்பில் முடிவது. மற்றொன்று நிழலில் முடிவது. முன்னது வடநாட்டுப் பயிர். பின்னது நம் திருநெல்வேலிச் சீமையின் பயிர்.

லக்னோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாராபங்கி. மே, ஜூன் மாதங்களில் அம்மாவட்டத்துச் சிற்றூர்களின் வழியே செல்வோரின் கண்ணுக்கு முன்பாக மூக்குக்குச் செய்தி எட்டிவிடும். தலைவலித் தைலத்தின் புட்டியைத் திறந்தாற்போன்ற குளிர்ந்த வாசனை காற்றெங்கும் பரவியிருக்கும். அது மென்தால் புதினாவின் மணம். அவ்வூர் மக்கள் அதனை 'மெந்தா' என்றும் 'பிப்பர்மெண்ட்' என்றும் வழங்குகின்றனர். நம் துவையலுக்கு அரைக்கும் புதினாவுக்கு நெருங்கிய உறவுடைய செடியே இது. ஆயினும் இதனைத் துவையலுக்காக வளர்ப்பதில்லை. இதன் எண்ணெயில் முக்கால் பங்குக்கும் மேலாக உள்ள மென்தால் என்னும் படிகத்துக்காகவே வளர்க்கின்றனர். பற்பசை, இருமல் மிட்டாய், வலி நீக்கும் களிம்பு, வெற்றிலைப் பாக்கு மசாலா ஆகியவற்றில் நாம் உணரும் குளிர்ச்சி இந்த மென்தாலால் உண்டாவது.

இச்செடி நம் நாட்டுக்குப் பழையதன்று. 1950களில் ஜப்பானிலிருந்து ஜம்முவில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து, அங்கிருந்து இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் பரவியது. 1959இல் தொடங்கப்பெற்று, இன்று லக்னோவில் இயங்கும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தார் சிவாலிக், ஹிமாலயா, கோசி, சக்ஷம் போன்ற மேலான இரகங்களை உருவாக்கி உழவர்க்கு அளித்தனர். இன்று மென்தால் புதினா எண்ணெய் உற்பத்தியில் உலக நாடுகளுள் முதலிடம் இந்தியாவினுடையது. அதில் மிகப் பெரும் பங்கு பாராபங்கி, ராம்பூர், சம்பல், பதாயூன் முதலிய உத்தரப் பிரதேச மாவட்டங்களைச் சேர்ந்தது. பெருந்தோட்டக்காரர்களைவிட, இரண்டு மூன்று ஏக்கருக்குட்பட்ட சிறு குடும்பங்களே இதனை வளர்ப்போரில் மிகுதி.

சிறு குடும்பங்கள் இதனை விரும்பிய காரணம் எளிது. உருளைக்கிழங்கோ கடுகோ எடுத்தபின், மழைக்கால நெல்லுக்கு முன்னர், நிலம் மூன்று நான்கு மாதங்கள் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் புதினா அடங்கிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் தரையடித் தண்டுகளை வரிசையாக ஊன்றுகின்றனர். கோதுமை அறுத்த வயலாயின், நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளைப் பின்னர் எடுத்து நடுகின்றனர். ஏறத்தாழ 100 முதல் 120 நாட்களில் செடி அறுவடைக்கு வருகிறது. ஜூன் மாத மழை இறங்குவதற்குள் அறுத்துவிட்டால், அதே வயலில் நெல் நடலாம். ஆடு மாடுகள் இதனை மேய்வதில்லை என்பது மற்றொரு வசதி. களை எடுப்பதும் நீர் பாய்ச்சுவதும் குடும்பத்தாரின் கைவேலை. இதுவரை உள்ள கதை, எந்தப் பயிருக்கும் உரிய கதையே. அரிவாள் எடுத்த நாளிலிருந்துதான் புதினாவின் தனிக்கதை தொடங்குகிறது.

அறுக்கும் நாளைத் தெரிந்தெடுப்பதே முதல் திறமை. செடி பூக்கத் தொடங்கும் பருவத்தில் இலையில் எண்ணெய் நிறைந்திருக்கும். முந்தினால் எண்ணெய் குறைவு. மிகவும் பிந்தினால் அடியிலைகள் உதிர்ந்துபோகும். எண்ணெய் இருப்பது இலையில், தண்டில் அன்று. ஆகவே உதிர்ந்த ஒவ்வோர் இலையும் உதிர்ந்த காசு. வெயில் உள்ள நாளில் அறுக்க வேண்டும். அறுப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே பாய்ச்சலை நிறுத்திவிட வேண்டும். அறுத்த தழையைச் சில மணி நேரம் வாடவிட்டால் நீர் குறைந்து சுமை சுருங்கும், கலத்தில் அதிகம் அடைக்கலாம், விறகும் மிச்சமாகும். வாடவிடுவதாக எண்ணிப் பச்சைத் தழையைக் குவியலாகப் போட்டுவிட்டாலோ, உள்ளே சூடேறிப் புழுங்கி, எண்ணெய் கெட்டுவிடும். பரப்பி வைத்தல், புரட்டிவிடுதல், மழை மேகம் கண்டவுடன் அள்ளிக் கூரைக்குள் சேர்த்தல் ஆகிய இவையெல்லாம் கண்ணும் கையும் ஓயாது செய்ய வேண்டிய காரியங்கள். கூலிக்கு வருபவர் இந்தக் கவலையை நமக்காகப் படமாட்டார். சிறு குடும்பத்துக்குள்ள பெரும் பலம் இங்கேதான் வெளிப்படுகிறது.

அடுத்தது வாலை. இலையை நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரச் செய்து சத்தைப் பிரித்தெடுக்கும் கருவிக்கு நம் சித்த மருத்துவ நூல்கள் வாலை என்றும் வாலை யந்திரம் என்றும் பெயரிட்டிருக்கின்றன. குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கு நம் வீடுகளில் கொடுத்துவந்த ஓமத் தீநீர், வாலையில் வடித்ததே. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் செம்புப் பானையும் மூங்கில் குழாயும் கொண்டு அத்தர் வடிக்கும் தொழிலும் இவ்வகையினதே. பாராபங்கிச் சிற்றூரில் இக்கருவிக்கு 'டங்கி' என்று பெயர். உயரமான இரும்புக் கலம் ஒன்று, அதன் அடியில் நீர், நீருக்குமேல் துளையிட்ட தட்டு, தட்டின்மேல் தழை. மூடியை இறுக்கிக் கீழே நெருப்பிட்டால், நீராவி தழையின் ஊடே எழும்பி எண்ணெயையும் உடன் கொண்டு குழாய் வழியே செல்கிறது. குழாய், குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் சுற்றிச் சென்று வெளிவருகிறது. அங்கே ஆவி மறுபடியும் நீராகிறது. எண்ணெய் நீரினும் இலேசானது. ஆகையால் கலத்தில் மேலே மிதக்கிறது. மேலே மிதப்பதை வடித்தெடுத்துக்கொள்ள, கீழே உள்ள நீர் தானே வழிந்தோடும்படி கலத்தை அமைத்திருப்பர். வடித்து முடிந்த தழை வீணாவதில்லை. உலர்த்தி வைத்தால் அடுத்த வடிப்புக்கு அதுவே எரிபொருள்.

கேட்பதற்கு எளிது, செய்வதில் நுட்பம் உண்டு. தழையை ஓரிடத்தில் இறுக்கியும் ஓரிடத்தில் தளர்த்தியும் அடைத்தால், ஆவி தளர்ந்த வழியாகவே ஓடிவிடும். இறுகிய தழையின் எண்ணெய் அதிலேயே தங்கிவிடும். குளிர்விக்கும் தொட்டியின் நீர் சூடாகிவிட்டால் எண்ணெயில் ஒரு பகுதி காற்றோடு போகும். எண்ணெயின் பெரும்பகுதி முதலில் விரைந்து வந்துவிடுவதைக் கண்டு, விறகை மிச்சம் பிடிக்க நெருப்பை முன்னதாக அணைத்துவிடுவோர் கடைசிப் பங்கை இழக்கின்றனர். இரும்புத் துரு பட்டால் எண்ணெய் நிறம் மாறும். நிறம் மாறினால் வியாபாரி விலை குறைப்பார். இவை யாவினும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. தழைத் துணுக்குகளால் ஆவிக்குழாய் அடைபட்டால், கலத்தினுள் அழுத்தம் மிகுந்து அது வெடித்துவிடும். புதினா வடிக்கும் பருவத்தில் இவ்விதம் உயிர்கள் போனதுண்டு. அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் காப்பு அடைப்பான் இல்லாத கலத்தின் அருகில் நிற்பதே தகாது. குழந்தைகளை அப்பக்கம் விடவே கூடாது.

இவ்வளவு கவனம் எதற்கு என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 100 கிலோ பச்சைத் தழையில் கிடைப்பது அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரையிலான எண்ணெயே. ஏக்கருக்கு 40 முதல் 60 கிலோ எண்ணெய் என்பது நல்ல விளைச்சல். கணக்கின் வசதிக்காக 50 கிலோ என்றும், விலை கிலோவுக்கு 1000 ரூபாய் என்றும், மொத்தச் செலவு 30,000 ரூபாய் என்றும் கொள்வோம். வரவு 50,000, மிச்சம் 20,000. இனி, தழை புழுங்கியதாலும் வடிப்பில் கவனம் தவறியதாலும் 10 கிலோ எண்ணெய் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். செலவு சிறிதும் குறையவில்லை; மிச்சமோ 10,000 ஆகிவிட்டது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு, இலாபத்தில் பாதி இழப்பாக முடிகிறது. நான்கு மாதம் வெயிலில் பட்ட பாட்டின் பயன், கடைசி நான்கு நாட்களில் கரைந்துபோகிறது என்பது இதுதான்.

கவனம் யாவும் செலுத்தியும் நம் கைக்கு அடங்காதது விலை. புதினா எண்ணெய்க்கு அரசினரின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. 2012இல் கிலோ 2000 ரூபாய்க்கும் மேலே ஏறிய விலை, 2014ஆம் ஆண்டுக்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஏறிய விலையைக் கண்டு கடன் வாங்கிப் பரப்பை விரித்தவர்கள் இறங்கிய விலையில் விற்க நேர்ந்தது. இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மென்தாலைத் தொழிற்சாலையிலும் செய்ய முடியும். 1970களிலிருந்தே ஜெர்மனியிலும், 1980களிலிருந்து ஜப்பானிலும் இரசாயன முறையில் அது செய்யப்படுகிறது. ஜப்பானிய முறைக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் ஈடுபட்ட நொயோரி என்னும் அறிஞர் 2001இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். வயலின் மென்தாலுக்கும் ஆலையின் மென்தாலுக்கும் மூலக்கூற்றில் வேற்றுமை இல்லை. ஆகவே, இயற்கைச் சரக்கின் விலை மிக ஏறினால், வாங்குவோர் ஆலைச் சரக்கின் பக்கம் திரும்பிவிடுவர். ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு இவ்விதம் தானே அமைந்துவிடுகிறது.

இந்நிலையில் சிறு உழவனுக்கு ஆறுதலாக இருப்பது எண்ணெயின் ஓர் இயல்பு. நீரை அறவே நீக்கி, துருப்பிடிக்காத கலத்தில் விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, இருளான குளிர்ந்த இடத்தில் வைத்தால் அது பல மாதங்கள் கெடாமல் இருக்கும். பச்சைத் தழையை அன்றே விற்றாக வேண்டும். எண்ணெயைக் காத்திருந்து விற்கலாம். அதனால் அவ்வூர்க் குடும்பங்கள் கலத்து எண்ணெயை ஒருவகைச் சேமிப்பாகவே கருதுகின்றன. பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு பங்கு, நெல் நடவுக்கு ஒரு பங்கு, மகளின் திருமணத்துக்கு ஒரு பங்கு என்று அவ்வப்போது விற்பர். வடித்து வைக்கும் திறமை இல்லாத உழவனுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை.

புதினாவுக்கு நீர் மிகுதியாக வேண்டும் என்பதையும் மறைக்கலாகாது. வறண்ட கோடையில் அடிக்கடி பாய்ச்ச வேண்டியிருப்பதால், கிணற்று நீர் ஆழத்தில் உள்ள ஊருக்கு இப்பயிர் பொருந்தாது. மேட்டுப் பாத்தி கட்டி அதன்மேல் நடும் முறையால் நீரை ஓரளவு மிச்சம் செய்யலாம். ஆயினும், நீர் அற்ற நிலத்துக்கு உரிய மூலிகை வேறு. அதனைக் காண நாம் தாமிரபரணி நாட்டுக்குச் செல்வோம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைவது நிலாவாரை. நிலவாகை என்றும் சொல்வர். வடநாட்டில் இதன் பெயர் சனாய் அல்லது சோனாமுகி. அரேபியப் பகுதியிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றிய இச்செடியின் இலை, மலச்சிக்கலுக்கு மருந்து. உலகச் சந்தையில் அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். நம் ஊரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் உள்ள மருந்துக் கடைகளில் இடம்பெற்ற இலை அது. இன்று ராஜஸ்தானிலும் குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் அது பயிராகிறது. அங்கு வாழும் நம்மவர் அதனை வயல்களில் காணலாம்.

நிலாவாரைக்கு வாலை தேவையில்லை. அதன் செல்வம் நிழலில் உருவாகிறது. விதைத்து இரண்டு மாதமளவில் முதல் பறிப்பு. பின்னர் மாதம் ஒருமுறைபோல அடுத்த பறிப்புகள். பறித்த இலையைக் காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாள்தோறும் புரட்டி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உலர்த்துகின்றனர். சரியாக உலர்ந்த இலை மஞ்சள் கலந்த பச்சை நிறத்தோடு, கையால் அழுத்தினால் நொறுங்கும். ஈரம் தங்கினால் இலை கறுத்துப் பூஞ்சை பற்றும். அதே வயல், அதே விதை, அதே மழை. உலர்த்திய கை வேறு என்பதால் ஒருவருடைய மூட்டை வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும். மற்றொருவருடைய மூட்டை உள்ளூர்க் கடையில் பாதி விலைக்குக் கேட்பாரற்றுக் கிடக்கும்.

இவ்விரண்டு பயிர்களிலிருந்தும் சிறு பண்ணைக்காரர் பெறும் படிப்பினை ஒன்றே. மூலிகைத் தொழிலை முடிவிலிருந்து தொடங்க வேண்டும். வாங்குபவர் யார், அவர் கேட்கும் தரம் யாது, அந்தத் தரத்தை எட்ட உலர்த்தும் கொட்டகையோ வாலையோ எங்கே உள்ளது, அதனை நாள்தோறும் கவனிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே விதையைப் பற்றி எண்ண வேண்டும். சொந்தமாக வாலை அமைக்க முதல் இல்லாதவர், பாராபங்கியில் பலர் செய்வதுபோல அயலாரின் வாலையில் வாடகை கொடுத்து வடித்துக்கொள்ளலாம். பத்துக் குடும்பங்கள் கூடிப் பொதுவாலை ஒன்று அமைத்துக்கொள்வது இன்னும் மேல்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். "கன்றுகளை எங்களிடமே வாங்குங்கள், விளைந்ததை நாங்களே நல்ல விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று விளம்பரம் செய்து, கன்றை அதிக விலைக்கு விற்றபின் காணாமற்போனவர்கள் பல மாநிலங்களிலும் உண்டு. வெளியூரில் வாழ்ந்து, சொந்த நிலத்தைக் கடிதத்தாலும் தொலைபேசியாலும் நிர்வகிக்கும் நம்மவர்களே இத்தகையோருக்கு எளிதில் அகப்படுகின்றனர். சந்தையில் அந்தப் பொருளை வாங்கும் வேறு இரண்டு வியாபாரிகளையேனும் நேரில் கண்டு பேசாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடலாகாது.

விளைந்த மூலிகையைக்கொண்டு வீட்டிலேயே பொருள்கள் செய்ய விரும்புவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். உலர்ந்த இலையையும் வேரையும் கச்சாப் பொருளாக வியாபாரிக்கு விற்பது எளிது. துளசி இலையை உலர்த்தித் தேநீர்ப் பொடியாக அடைத்து விற்றால் அது உணவுப் பொருள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். நோயைத் தீர்க்கும் என்று சொல்லி ஒரு சூரணத்தையோ தைலத்தையோ விற்றால் அது மருந்து. 1940ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் இன்றிச் செய்தல் குற்றம். குளியல் சோப்பும் முகப்பூச்சும் விற்பனைக்குச் செய்வதானாலும் உரிமம் தேவை. இவை வீண் தொல்லைகள் அல்ல. இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. புதினா உப்பு எனப்படும் மென்தாலையும் கற்பூரத்தையும் கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சுத் திணறல் நேரலாம். நிலாவாரையை நாள்தோறும் உண்டால் குடல் அதற்கு அடிமைப்பட்டுவிடும். ஒரு புட்டியின்மேல் நம் குடும்பப் பெயரை ஒட்டும்போது, வாங்குபவரின் உடல்நலத்துக்கும் நாம் பொறுப்பேற்கிறோம்.

தொடங்க விரும்புவோர் கால் ஏக்கரில் தொடங்குக. ஒரு பருவம் முழுவதும் அறுவடைக்குப் பிந்திய வேலையைப் பழகுக. வீட்டாரின் உழைப்பையும் கூலியாகக் கணக்கில் எழுதுக. வடநாட்டில் இருப்போர், லக்னோ நிறுவனம் ஜனவரி இறுதியில் நடத்தும் உழவர் விழாவுக்கு ஒருமுறை சென்று வரலாம். நல்ல நடவுத் தண்டும் நேர்முக விளக்கமும் அங்கே கிடைக்கும். ஊரில் நிலம் உள்ளோர் கோயம்புத்தூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை நாடலாம். 2000ஆம் ஆண்டில் அமைந்த தேசிய மருத்துவத் தாவர வாரியமும் வழிகாட்டுதற்கு உள்ளது.

மண் எந்த மாநிலத்தினதாயினும், செடி நமக்குக் கொடுப்பது பச்சை இலையை மட்டுமே. அதனை மருந்தாக்குவதும் குப்பையாக்குவதும் அறுத்தபின் வரும் சில நாட்களில், வீட்டாரின் விழிப்பில் இருக்கிறது. அந்த விழிப்பைத் தர ஆயத்தமாக உள்ள குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் சிறியதன்று.